தடைக்கால லீவில் திண்ணை நிறையப் பிள்ளைகள்: கணக்கை விளையாட்டாகச் செய்ய யோசனை சொல்லுங்கள்

தெற்குவாடி · பதிவு 1

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். படகெல்லாம் கரையில் நிற்கிறது. அப்பாக்கள் வலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடமும் லீவு. சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஐந்தாவதிலிருந்து ஒன்பதாவது வரை கலந்து ஒரு கூட்டம் சேர்ந்துவிடுகிறது. செல்போனை வாங்கி வைத்துவிட்டு வேறு என்ன செய்வது என்று யோசித்துக் கணக்குப் புதிர்களில் இறங்கியிருக்கிறேன். இது டியூஷன் இல்லை, பாடப்புத்தகம் எடுத்து வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று சொல்லித்தான் சேர்த்திருக்கிறேன்.

கப்ரேகரின் 6174-இல் தொடங்கினேன். ஒரு நான்கு இலக்க எண், நாலும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கு, அதையே திருப்பி அடுக்கு, கழி. வந்த விடைக்கும் அதையே செய். ஒரு பையன் தனுஷ்கோடிப் புயல் வருஷத்தைச் சொன்னான், 1964. போட்டோம்: 9641 − 1469 = 8172. அப்புறம் 7443, 3996, 6264, 4176, 6174. அதற்கு மேல் நகராது, 7641 − 1467 மறுபடியும் 6174 தான். எந்த எண்ணை எடுத்தாலும் ஏழு கழித்தலுக்குள் அங்கே வந்து நிற்கும். இதைக் கண்டு 1949-இல் சொன்னவர் மகாராஷ்டிரத்தில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்றதும் பிள்ளைகளுக்கு இன்னும் பிடித்துவிட்டது. இப்போது மூன்று இலக்கத்துக்கு எது, ஐந்து இலக்கத்துக்கு உண்டா என்று அவர்களே ஆளுக்கொரு பக்கம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

என் சரக்கு தீர்ந்துபோனது. காசு செலவில்லாமல் மணலிலோ சிலேட்டிலோ செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள். கூடவே, உலகத்தில் யாருக்குமே இதுவரை விடை தெரியாத கணக்கு ஒன்றிரண்டும் வேண்டும். எதைக் கொடுத்தாலும் "விடை பின்பக்கத்தில் இருக்குமா?" என்று கேட்கிறார்கள். பின்பக்கமே இல்லாத கணக்கு வேண்டும்.

கோலமாவு · பதிவு 2

வாசலிலேயே இருக்கிறதே தம்பி. சிக்குக் கோலம்.

புள்ளிகளைச் செவ்வகமாக வைத்துக்கொள்ளுங்கள், மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து புள்ளி. பக்கத்துப் பக்கத்துப் புள்ளி இரண்டுக்கு நடுவில் எல்லா இடத்திலும் கோடு குறுக்கே வெட்டிப் போக வேண்டும். வெட்டும் இடத்தில் திரும்பக் கூடாது, நேராகத்தான் போக வேண்டும். ஓரத்தில் மட்டும் வளைந்து உள்ளே வரலாம். 3×5 போட்டால் ஒரே கோட்டில் முடிந்துவிடும். 4×6 போட்டால் முடியாது. ஒரு சுற்று முடிந்து தொடங்கிய இடத்துக்கு வந்துவிடுவீர்கள், பாதிக் கோலம் வெறுமனே நிற்கும். இன்னொரு கோடு தேவை. 3×3-க்கு மூன்று கோடு. 5×5-க்கு ஐந்து.

எத்தனை கோடு என்பது இரண்டு எண்ணுடைய மீப்பெரு பொதுக் காரணி. ஆனால் இதை முதலில் சொல்லிவிடாதீர்கள், கெட்டது போங்கள். நிறைய போடச் சொல்லி, பக்கத்தில் பட்டியல் எழுதச் சொல்லுங்கள். ஏழாவது படிக்கிற பிள்ளை ஒன்று கட்டாயம் கண்டுபிடிக்கும்.

அடுத்த நாளைக்கு இது: 4×6-இல் இரண்டு கோடும் சந்திக்கிற ஒரு வெட்டை மட்டும் அழித்து, அங்கே இரண்டு கோடும் வெட்டாமல் வளைந்து திரும்புகிற மாதிரி மாற்றுங்கள். இரண்டும் சேர்ந்து ஒன்றாகிவிடும். அப்படியானால் 3×3-ஐ ஒரே கோடாக்க எத்தனை இடத்தில் மாற்ற வேண்டும்? 5×5-ஐ? மாற்றியது வெளியே தெரியாமல் கோலம் நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டால் எனக்கே தலை சுற்றும்.

தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்துக்கு இலக்கணமே எழுதி 1974-இல் கட்டுரை வெளியிட்டார்கள். கணினி ஒரு மொழியைப் படிப்பதற்கு வைத்திருக்கிற விதிகள் மாதிரி, கோலத்துக்கு. நம் பாட்டிகள் கையில் இருந்த சங்கதி.

முன்னாள்_வாத்தியார் · பதிவு 3

தம்பி, உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் நான் முப்பது வருஷத்துக்கு மேல் இதே கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்தவன், கொஞ்சம் கசப்பாகவே சொல்கிறேன். பதிமூன்றாம் வாய்ப்பாடு தெரியாமல் பத்தாவதுக்கு வருகிறார்கள். பின்னம் கூட்டத் தெரியாது. அவர்களுக்கு வேடிக்கை காட்டினால் கைதட்டுவார்கள், அவ்வளவுதான். பரீட்சைத் தாளில் 6174 வராது.

விடையே இல்லாத கணக்கைக் கொடுப்பது அதைவிட மோசம். ஏற்கெனவே "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லிக்கொண்டு திரிகிற பிள்ளையிடம் "யாருக்குமே வராது" என்று சொல்லப்போகிறீர்களா?

சங்குக்கடை · பதிவு 4

கீழக்கரையிலிருந்து ஸலாம். வாத்தியார் சார் சொல்வதில் நியாயம் இருந்தாலும் எனக்கு ஒரு ஆட்டம் ஞாபகம் வருகிறது. சாப்பிட்டுக்கொண்டே ஆடலாம்.

எங்கள் ஊர் இனிப்பான தொதலை ஒரு தட்டில் செவ்வகமாக வெட்டி அடுக்குங்கள், நாலுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்வோம். இடது கீழ் மூலைத் துண்டில் மிளகுத்தூள் தூவிவிடுங்கள். இரண்டு பேர் ஆட்டம். உங்கள் முறை வரும்போது ஏதாவது ஒரு துண்டைத் தொடலாம். தொட்ட துண்டு, அதற்கு மேலே உள்ளவை, வலது பக்கம் உள்ளவை, மேலும் வலமுமாகச் சேர்ந்து வருகிற அத்தனையும் உங்களுக்கு. மிளகுத் துண்டைத் தின்ன வேண்டி வருகிறவர் தோற்றார். 1974-இல் டேவிட் கேல் என்ற கணித அறிஞர் எழுதிய ஆட்டம் இது, அவர் சாக்லேட் வைத்து ஆடச் சொன்னார். தொதல் இன்னும் நல்லது என்பது என் கட்சி.

விஷயம் என்னவென்றால், சரியாக ஆடினால் முதலில் ஆடுகிறவர்தான் ஜெயிப்பார், தட்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் (ஒற்றைத் துண்டை விட்டுவிடுங்கள்). அதற்கு நிரூபணம் இரண்டே வரி. முதல் ஆள் வலது மேல் மூலையில் உள்ள ஒரே ஒரு துண்டை எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு எதிராளியிடம் ஜெயிக்கிற பதில் இல்லையென்றால் முதல் ஆள் ஜெயித்தார். இருக்கிறதென்றால், அந்தப் பதிலை முதல் ஆளே தொடக்கத்தில் ஆடியிருக்கலாம், ஏனென்றால் எந்தத் துண்டைத் தொட்டாலும் அந்த மூலைத் துண்டு எப்படியும் கூடவே போய்விடும். ஆக எப்படிப் பார்த்தாலும் முதல் ஆளுக்கு ஒரு வழி இருக்கிறது.

எந்த வழி? அதுதான் தெரியாது! சதுரத் தட்டென்றால் தெரியும்: மிளகுத் துண்டுக்குக் குறுக்கே அடுத்திருக்கிற துண்டைத் தொட்டால் ஒரு வரிசையும் ஒரு நிரலும் மட்டும் மிஞ்சும், அதற்குப் பிறகு எதிராளி ஒரு பக்கம் எடுத்த அளவை நீங்கள் மறுபக்கம் எடுத்துக்கொண்டே போகலாம். இரண்டு வரிசைத் தட்டுக்கும் தெரியும், அதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். பொதுவாக எந்தச் செவ்வகத்துக்கும் முதலில் எதைத் தொட வேண்டும் என்று சொல்கிற சூத்திரம் இன்று வரை யாரிடமும் இல்லை. குறிப்பிட்ட ஒரு தட்டைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் தேடிச் சொல்லும், அவ்வளவே.

வாத்தியார் சாருக்கு: "யாருக்குமே வராது" என்று இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஜெயிக்க முடியும் என்று தெரியும், எப்படி என்றுதான் தெரியவில்லை. எந்தப் பிள்ளையும் இதைக் கேட்டுச் சோர்ந்து போகாது. இன்னொரு ஆட்டம் ஆடலாம் என்றுதான் கேட்கும்.

பனங்காடு · பதிவு 5

ஆடு புலி ஆட்டத்தை ஒருத்தரும் சொல்லவில்லையே! 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. கோயில் கல்தரையில் பல இடங்களில் செதுக்கியே வைத்திருக்கிறார்கள். புலி எத்தனை ஆட்டைத் தின்றுவிட்டால் ஆட்டுக்காரன் பாடு முடிந்தது என்று பிள்ளைகளையே கணக்கெடுக்கச் சொல்லுங்கள். நேபாளத்தில் இதற்கு ஒரு தம்பி இருக்கிறான், 4 புலி 20 ஆடு, பெயர் பாக்சால். அதைக் கம்ப்யூட்டரில் போட்டு அலசி, இரண்டு பேரும் சரியாக ஆடினால் சமன்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பல்லாங்குழியும் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் அது ஆட்டமாக இல்லாமல் சண்டையாக முடியும்.

நைட்ஷிப்ட் · பதிவு 6

சொந்த ஊர் தங்கச்சிமடம், இப்போது சென்னையில் இரவுப் பணி. ஊர்ப் பிள்ளைகளுக்கு என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

153. யோவான் நற்செய்தி 21-ஆம் அதிகாரம்: வலையைக் கரைக்கு இழுத்தார்கள், 153 பெரிய மீன், வலை கிழியவில்லை. நம் கரையில் கோயிலுக்குப் போகிற எந்தப் பிள்ளையும் இதைக் கேட்டிருக்கும். இந்த எண்ணைக் கொஞ்சம் கிண்டிப் பாருங்கள்.

1 முதல் 17 வரை கூட்டினால் 153. 1-இன் கனம், 5-இன் கனம், 3-இன் கனம் கூட்டினால் 1 + 125 + 27 = 153. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து இவற்றின் தொடர்பெருக்கங்களை (1, 1×2, 1×2×3 என்று) கூட்டினால் 1 + 2 + 6 + 24 + 120 = 153.

இதெல்லாம் சும்மா அலங்காரம். பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியது இது: மூன்றால் வகுபடுகிற எந்த எண்ணையும் எடு. அதன் இலக்கங்களின் கனங்களைக் கூட்டு. வந்ததற்கும் அதையே செய். கடைசியில் 153-இல் போய் நிற்கும். 6 எடுங்கள்: 216, 225, 141, 66, 432, 99, 1458, 702, 351, 153.

ஏன் என்று ஒன்பதாவது பையன் கேட்டால் பதிலும் இருக்கிறது. ஓர் எண்ணுக்கும் அதன் கனத்துக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் மூன்றால் வகுபடும், அதனால் கனம் எடுத்துக் கூட்டினாலும் மூன்றின் மடங்கு மூன்றின் மடங்காகவே இருக்கும். எவ்வளவு பெரிய எண்ணில் தொடங்கினாலும் கூட்டல் இறங்கிக்கொண்டே வந்து நாலு இலக்கத்துக்குள் அடங்கிவிடும். நாலு இலக்கத்துக்கு அதிகபட்சம் 4 × 729 = 2916. அதற்குள் மூன்றின் மடங்குகள் 972. அத்தனையையும் போட்டுப் பார்த்தால் தீர்ந்தது. கூட்டம் பெரிதாக இருக்கிறதே, ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக் கொடுங்கள். வாத்தியார் சார் கவலைப்படுகிற கூட்டல், பெருக்கல் பயிற்சி எல்லாம் இதற்குள் தானாக நடந்துவிடும்.

மூன்றின் மடங்கு இல்லாத எண்ணை எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லமாட்டேன். 370, 371, 407 என்று மூன்று பேர் வழியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முன்னாள்_வாத்தியார் · பதிவு 7

972 கணக்கைப் பங்கு போட்டுக் கொடுப்பது நல்ல யோசனை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பயிற்சி தானாக நடக்கும் என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. கை பழகியிருந்தால்தான் வேடிக்கையே வேடிக்கை. ஓர் உதாரணம் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

1914. அந்த வருஷம் பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்தார்கள், மார்ச்சில் ராமானுஜன் கப்பல் ஏறினார். டிசம்பரில் கேம்பிரிட்ஜில் அவர் அறையில் நண்பர் மகலனோபிஸ் ஒரு பத்திரிகைப் புதிரை வாசிக்கிறார். ஒரு தெருவில் வீடுகள் 1, 2, 3 என்று வரிசையாக இருக்கின்றன. ஒருவன் வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். அவன் வீட்டு எண் என்ன? ராமானுஜன் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டே, எழுதிக்கொள் என்று ஒரு தொடர் பின்னத்தை, அதாவது பின்னத்துக்குள் பின்னமாகப் போவதை, சொன்னார். அந்த ஒரு புதிருக்கு இல்லை, அந்த மாதிரி எல்லாத் தெருவுக்கும் சேர்த்து விடை.

உங்கள் பிள்ளைகள் இதைத் தடவித் தடவிப் பார்த்தால் 8 வீட்டுத் தெருவில் 6-ஆம் எண் என்று கண்டுபிடிப்பார்கள்: 1 முதல் 5 வரை 15, 7-உம் 8-உம் 15. பொறுமைசாலி ஒருத்தி 49 வீட்டில் 35 என்று வரலாம். 288 வீட்டில் 204 என்பதற்கு எப்படி வருவாள்? அதற்கு இயற்கணிதம் வேண்டும். இடப்பக்கம், வலப்பக்கம் சமன்படுத்தினால், வீட்டு எண்ணின் வர்க்கம் ஒன்றிலிருந்து கடைசி வீடு வரையிலான மொத்தத்துக்குச் சமம் என்று ஒரே வரியில் வந்து விழும். அந்த வரி விழும்போது கிடைக்கிற சந்தோஷம் தடவிப் பார்க்கிறவனுக்குக் கிடைக்காது. அதைத்தான் சொல்கிறேன். கருவியைக் கையில் கொடுக்காமல் விளையாடச் சொல்லாதீர்கள்.

சங்குக்கடை · பதிவு 8

சார், 6, 35, 204 என்று தடவிப் பார்த்தவனுக்குத்தானே அந்த ஒரு வரி வேண்டும் என்று தோன்றும்? முதலிலேயே வரியைக் கொடுத்தால் எழுதிக்கொண்டு போய்விடுவான்.

தெற்குவாடி · பதிவு 9

எல்லோருக்கும் நன்றி. கோலம் நேற்று தெருவையே அடைத்துவிட்டது, அக்கா. மீப்பெரு பொதுக் காரணியை ஒரு ஆறாவது படிக்கிற பெண் பிடித்தாள். அதைவிட இன்னொன்று நடந்தது. அதைக் கேட்கத்தான் வந்தேன்.

ஒரு பையனுடைய அப்பா கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். பின்னுவதற்கு முன்னால் கத்தியை எடுத்து, கிழிசல் ஓரத்தில் நன்றாக இருக்கிற நூலையும் வெட்டி வெட்டி எறிந்தார். பையன் "நல்லா இருக்கிறதையும் ஏம்ப்பா வெட்டுறீங்க, ஓட்டை பெருசாகுதுல்ல" என்று கேட்டான். "அப்பத்தான் ஒரே நூல்ல முடியும்" என்றார், அதற்கு மேல் அவருக்கு விளக்கத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இதற்குள் ஏதோ கணக்கு இருக்கிற மாதிரி இருக்கிறதே?

வத்தை · பதிவு 10

நான் வலைக்காரன், கணக்குக்காரன் இல்லை. செய்கிற முறையைச் சொல்கிறேன்.

வலையில் ஒவ்வொரு முடிச்சிலும் நாலு கால். கிழிந்தால் சில முடிச்சில் ஒரு கால் போயிருக்கும், சிலதில் இரண்டு, சிலதில் மூன்று. இரண்டு இடத்தில் மட்டும் மூன்று கால் மிச்சமிருக்கிற முடிச்சை விடுவோம், ஒன்று தொடங்க, ஒன்று முடிக்க. மீதி எல்லா முடிச்சிலும் இரண்டு கால் மட்டும் நிற்கிற மாதிரி வெட்டிவிடுவோம். அப்படி வெட்டினால் நடுவில் நூலை அறுக்காமல் ஊசி போய்க்கொண்டே இருக்கும். சும்மா கிழிந்தபடியே பின்னப் போனால் பாதி வழியில் மாட்டிக்கொள்ளும், நூலை அறுத்து வேறு இடத்தில் முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு கூடினால் அந்த இடம் பலவீனம். ஏன் இரண்டு என்று நான் யோசித்ததில்லை. எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் சொல்லவில்லை.

கோலமாவு · பதிவு 11

இதைப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். வத்தை அண்ணே, நீங்கள் செய்வது கணித மேதை ஆய்லர் 1736-இல் சொன்னதேதான்.

கோனிக்ஸ்பெர்க் என்று ஒரு ஊர், ஆற்றில் ஏழு பாலம். ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை கடந்து ஊரைச் சுற்றி வர முடியுமா என்று ஊர்க்காரர்களுக்கு ஒரு விளையாட்டு. முடியாது என்று ஆய்லர் காட்டினார். காரணம் எளிது. வழியில் வருகிற ஒவ்வோர் இடத்துக்கும் உள்ளே வர ஒரு பாலம், வெளியே போக ஒரு பாலம், ஜோடி ஜோடியாகத் தேவை. ஒற்றைப்படையாகப் பாலம் உள்ள இடம் என்றால் அது தொடக்கமாகவோ முடிவாகவோதான் இருக்க முடியும். அப்படிப்பட்ட இடம் இரண்டுக்கு மேல் இருந்தால் கதை முடிந்தது. அந்த ஊரில் நாலு இடமும் ஒற்றைப்படை.

இப்போது கிழிசலுக்கு வாருங்கள். பின்ன வேண்டியது காணாமல் போன கால்களைத்தான். மூன்று கால் மிச்சமிருக்கிற முடிச்சில் ஒரு கால் காணோம், அது ஒற்றை. இரண்டு கால் மிச்சமென்றால் இரண்டு காணோம், இரட்டை. கிழிசலுக்கு நடுவே முழுவதும் போன முடிச்சில் நாலு காணோம், அதுவும் இரட்டை. அண்ணன் கத்தியை வைத்துக்கொண்டு செய்வது என்ன? ஒற்றை முடிச்சுகளை இரண்டாகக் குறைப்பது! ஒன்றில் ஊசியைத் தொடங்கு, இன்னொன்றில் முடி. கிழிசலில் ஒற்றை முடிச்சு நாலு இருந்தால் குறைந்தது இரண்டு நூல், ஆறு இருந்தால் மூன்று நூல்.

பழைய வலைத்துண்டு ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுங்கள் தம்பி. கண்டபடி கிழிக்கச் சொல்லி, பின்னாமலேயே எத்தனை நூல் தேவை என்று எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் அண்ணன் பின்னிக் காட்டட்டும்.

இன்னொரு சந்தேகம் வரும், அதையும் இப்போதே தீர்த்துவிடுகிறேன். கோலத்திலும் ஒவ்வொரு வெட்டிலும் நாலு கோடு, எல்லாம் இரட்டை. அப்படியானால் ஆய்லர் கணக்குப்படி 4×6-உம் ஒரே கோட்டில் வர வேண்டுமே, நான் இரண்டு என்றேனே? வரும்தான், வெட்டும் இடத்தில் திரும்ப அனுமதித்தால். சிக்குக் கோலத்தில் நேராகப் போக வேண்டும் என்று நாமாக ஒரு விதி போட்டுக்கொண்டோம். அந்த விதிதான் மீப்பெரு பொதுக் காரணியை உள்ளே இழுத்து வருகிறது.

பனங்காடு · பதிவு 12

அப்படியென்றால் நம்ம பாலத்தையும் போட்டுவிட வேண்டியதுதான். 1914 ரயில் பாலம், 1988 ரோட்டுப் பாலம், 2025-இல் திறந்த புது ரயில் பாலம். மண்டபத்தில் தொடங்கி மூன்றையும் ஒவ்வொரு முறை கடந்தால் கடைசியில் தீவில்தான் நிற்பான். ஊருக்குத் திரும்ப வேண்டுமென்றால் பழைய பாலத்தைக் கழற்றும் வரை காத்திருக்க வேண்டும்.

வத்தை · பதிவு 13

நான் வள்ளத்தில் திரும்பிவிடுவேன். ஆய்லருக்கு அது தெரிய வேண்டாம்.

நைட்ஷிப்ட் · பதிவு 14

யாருக்கும் விடை தெரியாத கணக்குக்கு வருவோம். எல்லோரும் சொல்கிற ஒன்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: இரட்டை எண்ணா, பாதியாக்கு, ஒற்றையா, மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு. எதில் தொடங்கினாலும் 1-க்கு வரும் என்று 1937-இல் கொலாட்ஸ் நினைத்தார், இன்னும் நிரூபணம் இல்லை. 27-இல் தொடங்கினால் 9232 வரை ஏறி 111 படியில் இறங்கும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் இரண்டு நாளில் சலித்துவிடும், ஏனென்றால் போட்டுக்கொண்டே இருப்பதைத் தவிர அவர்களால் அதில் வேறொன்றும் செய்ய முடியாது.

எனக்குப் பிடித்தது, சமீபம் வரை யாருக்கும் விடை தெரியாமல் இருந்த ஓடு பதிக்கிற கணக்கு. ஒரே வடிவ ஓட்டால் தரை முழுவதும் இடைவெளி இல்லாமல் பதிக்க வேண்டும், ஆனால் அமைப்பு எங்கும் திரும்பத் திரும்ப அச்சாக வரவே கூடாது. அப்படி ஒற்றை வடிவம் ஒன்று உண்டா என்று பல பத்தாண்டுகள் தேடினார்கள். 2022 நவம்பரில் இங்கிலாந்தில் பிரிட்லிங்டன் என்ற கடலோர ஊரில், அச்சுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற டேவிட் ஸ்மித் என்பவர் அட்டையை வெட்டி வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது 13 பக்கம் உள்ள ஒரு வடிவம் மாட்டியது. பார்க்கத் தொப்பி மாதிரி இருக்கும், பெயரும் தொப்பிதான். மூன்று நிபுணர்கள் அவரோடு சேர்ந்து நிரூபித்து 2023 மார்ச்சில் வெளியிட்டார்கள்.

செய்வது சுலபம். ஊடுபுள்ளி வைத்தால் அறுகோணங்கள் கிடைக்கும். ஒவ்வொரு அறுகோணத்தின் நடுவிலிருந்தும் பக்கங்களின் நடுப்புள்ளிக்குக் கோடு இழுத்தால் ஆறு பட்டம். அப்படிப்பட்ட எட்டுப் பட்டங்கள் ஒட்டியதுதான் தொப்பி. படத்தைப் பார்த்து அட்டையில் ஒன்று வெட்டி, அதை அச்சாக வைத்து நூறு வெட்டச் சொல்லுங்கள். பதிக்க ஆரம்பித்தால் ஒரு சிக்கல் வரும்: சில தொப்பிகளைக் குப்புறப் போட்டால்தான் பொருந்தும்.

சங்குக்கடை · பதிவு 15

அது ஏமாற்று வேலை இல்லையா? வழவழப்பு ஒரு பக்கம்தான் இருக்கும், எந்தக் கொத்தனார் ஓட்டைக் குப்புறப் பதிப்பார்? எங்கள் தொழிலில் இது பெரிய விவகாரம். கடலிலிருந்து வருவதெல்லாம் இடம்புரி, வலம்புரி வருவது அரிது. விலை எங்கேயோ போகும். வாட்ஸ்அப்பில் வலம்புரி என்று படம் அனுப்புவார்கள், பார்த்தால் சாதாரணச் சங்கைக் கண்ணாடி போலத் திருப்பி எடுத்த படம். சங்கை எப்படிப் புரட்டினாலும் இடம்புரி வலம்புரி ஆகாது. அட்டைத் தொப்பியைத் தரையிலிருந்து தூக்கிப் புரட்டிவிடலாம், சங்கைத் தூக்கிப் புரட்ட இன்னொரு திசை நம்மிடம் இல்லை.

நைட்ஷிப்ட் · பதிவு 16

பாய், இதே புகாரை அப்போதே நிறையப் பேர் சொன்னார்கள். அதே நால்வர் 2023 மே மாதத்தில் இன்னொரு வடிவத்தோடு வந்தார்கள். புரட்டவே தேவையில்லை, எல்லாம் ஒரே புரி. ஓரங்களைக் கொஞ்சம் வளைத்துவிட்டால் புரட்டிப் போட்டாலும் பொருந்தாது. அதன் பெயர் ஸ்பெக்டர். உங்கள் கொத்தனார் தாராளமாகப் பதிக்கலாம்.

முன்னாள்_வாத்தியார் · பதிவு 17

அச்சுத் தொழிலாளி கண்டுபிடித்தார் என்பது அழகான கதைதான். ஆனால் நிரூபித்தது மூன்று நிபுணர்கள் சேர்ந்து. அதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள்.

கோலமாவு · பதிவு 18

மறைக்க வேண்டாம் சார். இரண்டு வேலையும் தேவை. ஆனால் எந்த வேலை முதலில் வந்தது என்பதையும் சொல்ல வேண்டுமே. சான் டியேகோவில் மார்ஜரி ரைஸ் என்று ஒரு இல்லத்தரசி, பள்ளிப் படிப்புக் கணக்கு மட்டும் தெரிந்தவர். 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் பத்திரிகையில் எழுதிவந்த புதிர்ப் பகுதியில், தரையை நிரப்பக்கூடிய, எந்த மூலையும் உள்ளே குழியாத ஐங்கோணங்கள் பற்றி வந்தது. பட்டியல் முழுமை என்று நினைத்திருந்தார்கள். இந்த அம்மா தானாகக் குறியீடு ஒன்று உண்டாக்கிக்கொண்டு புதிதாக நாலு வகை கண்டுபிடித்தார். பட்டியல் மொத்தம் 15, அதற்கு மேல் இல்லை என்று மிக்கேல் ராவ் 2017-இல் கணினி துணையோடு நிரூபித்தார். அந்த 15-இல் நாலு அந்த அம்மாவுடையது. யாரும் அவருக்கு மதிப்பெண் போடவில்லை, யாரும் செய்யச் சொல்லவும் இல்லை.

பரீட்சைக்கு உதவும் என்று சொல்லி இந்தத் திண்ணைக்கு ஆள் சேர்ப்பதை நான் எதிர்க்கிறேன். உதவினால் உதவட்டும். ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டால் பெற்றோர் அடுத்த மாதம் ரேங்க் அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து "எங்கே உதவியது" என்று கேட்பார்கள், அன்றோடு கோலம் அழிந்தது.

முன்னாள்_வாத்தியார் · பதிவு 19

அந்தப் பயம் நியாயமானது, நானே அப்படிக் கேட்ட பெற்றோரிடம் மாட்டியிருக்கிறேன். சரி, என் பங்கு ஒன்று. தடவிப் பார்த்தவனுக்குத்தான் வரி தேவைப்படும் என்று பாய் சொன்னதை வைத்தே ஒரு கணக்கு. வீட்டு எண்கள் 1, 6, 35, 204. அடுத்தது 1189, தெருவில் 1681 வீடு. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஆறு மடங்கு, அதற்கும் முந்தையதைக் கழித்துவிட வேண்டும்: 6 × 204 − 35. ஒன்பதாவது பிள்ளைகளிடம் எண்களை மட்டும் கொடுத்து இந்த விதியைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஏன் ஆறு என்று அவர்கள் கேட்டால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், நான் பஸ் ஏறி வருகிறேன். கேட்காவிட்டால் வரமாட்டேன்.

தெற்குவாடி · பதிவு 20

வாருங்கள் சார், எப்படியும் கேட்பார்கள். வலைத்துண்டு வந்துவிட்டது, ஒரு சின்னப் பெண் வேண்டுமென்றே ஒற்றை முடிச்சு எட்டு வருகிற மாதிரி கிழித்து வைத்திருக்கிறாள். 153-க்குப் பங்கு பிரித்தாயிற்று, ஒருவன் மட்டும் தன் பங்கில் பாதியை ஐஸ் குச்சிக்கு விற்றுவிட்டான் என்று கேள்வி.

சங்குக்கடை பாய், நாளை தொதல் வாங்க ஆள் அனுப்புகிறேன். துண்டு போட்டே கொடுப்பார்களா?

சங்குக்கடை · பதிவு 21

முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களே வெட்டுங்கள். 4×7 ஆக வெட்டினால் நல்லது, அதற்கு முதலில் எதைத் தொட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. சதுரமாக மட்டும் வெட்டிவிடாதீர்கள், இந்த இழையைப் படித்த பையன் எவனாவது இருந்தால் தட்டு முழுக்க அவனுக்குத்தான். மிளகு கொஞ்சமாகப் போடுங்கள், தொதல் விலை ஏறிவிட்டது.